ஒரு பையில் இரண்டு பாஸ்போட்

குண்டசாலை
29.01.2024

திருமதி றம்லத் தாஸிம் அவர்களுக்கு,

குண்டசாலையிலிருந்து கடுகண்ணாவைக்கு இரண்டு பஸ் ஏறினால் போதும். அந்தத் தூரத்துக்கு முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். சென்னையில் இருந்தபோது உங்கள் இலக்கத்தை என் போனில் தடுத்துவிட்டேன். தடுக்கச் சொல்லித் தந்தது என் சித்தி மகன் சாந்தகுமாரின் மனைவி. தடுப்பை எடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. மகளிடம் கேட்டால் ஏன் தடுத்தீர்கள் என்று கேட்பாள். ஆகவே இந்தக் கடிதம்.

உங்களிடம் ஒரு சிறிய உதவி வேண்டும். அதற்கு முன் நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். ஒரே அரசாங்கக் கந்தோரில் இருபத்தாறு வருடம் பக்கத்து மேசைகளில் வேலை செய்தவர்கள் நாம். எதையும் எழுத்தில் வைப்பது நல்லது என்று உங்களுக்கும் தெரியும்.

ஓய்வு பெற்றபின் இருவரும் காஷ்மீருக்குப் போய்ப் பனி பார்க்க வேண்டும் என்பது உங்கள் யோசனை. கொழும்பிலிருந்து சென்னை. அங்கே சாந்தகுமார் வீட்டில் இரண்டு நாள். பிறகு உள்நாட்டு விமானத்தில் டெல்லி. டெல்லியில் கண்டியிலிருந்து வரும் சுற்றுலாக் குழுவோடு சேர்ந்து ஸ்ரீநகர். சாந்தகுமார் வீட்டில் நம் இருவருடைய கடவுச்சீட்டுகளையும் ஒரு துணிப்பையில் போட்டு அலுமாரியில் பூட்டியவள் நான்தான். நாட்டுக்குள் வந்தாகிவிட்டது, முத்திரை குத்தியாகிவிட்டது, இனி உள்ளூர் விமானம்தானே, அதற்கு நமது அடையாள அட்டை போதும், முன்பின் தெரியாத ஊரில் கடவுச்சீட்டைத் தூக்கிக்கொண்டு திரிந்து தொலைத்தால் யாரிடம் போவது என்று சொன்னேன். நீங்களும் தலையாட்டினீர்கள்.

ஜனவரி 9ஆம் திகதி காலை சென்னை விமான நிலைய வாசலில் சீருடையோடு நின்ற அதிகாரி என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிநாட்டவர் என்றால் பாஸ்போட் காட்டாமல் உள்ளே போக முடியாது என்றார். அப்போது நீங்கள் கைப்பையைத் திறந்தீர்கள். உங்கள் கடவுச்சீட்டு உள்ளே இருந்தது.

அதை அந்தத் துணிப்பையிலிருந்துதானே எடுத்தீர்கள்? இரண்டும் ஒன்றாகத்தானே கிடந்தன? என்னுடையதை ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள்?

இதற்குப் பதில் வேண்டாம். நான் கேட்க வந்தது வேறு. நீங்கள் எடுத்த பனிப் படங்களில் ஐந்தாறு எனக்கு வேண்டும். உங்கள் முகம் இல்லாத படங்களாக இருந்தால் நல்லது. மார்ச் மாதம் பிறப்பதற்குள் கிடைத்தால் போதும்.

இங்ஙனம்,
மே. பெற்றீசியா அந்தோனிமுத்து


கடுகண்ணாவை
பெப்ரவரி 3

பெற்றீசியா மிஸ்,

முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. கையெழுத்தைக் கண்டதும் சந்தோசப்பட்டேன். கடைசி வரியில் "இங்ஙனம்" என்று போட்டிருந்தது. இருபத்தாறு வருடம் என் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து கத்தரிக்காய்ப் பால்கறியை எடுத்துச் சாப்பிட்டவர் எனக்கு "இங்ஙனம்" எழுதுகிறார்!

கேள்வியையும் கேட்டுவிட்டுப் பதில் வேண்டாம் என்கிறீர்கள். நான் கட்டாயம் பதில் சொல்வேன்.

எடுத்தேன். நீங்கள் குளிக்கப் போனபோது சாந்தகுமாரின் மனைவியிடம் சாவி வாங்கி எடுத்தேன். கந்தோரில் எனக்குக் கிடைத்தது பிறப்பு அத்தாட்சிப் பத்திர மேசை. போட்டோகொப்பியோடு வந்த எத்தனை பேரை "அசல கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பியிருப்பேன்! அசல் கையில் இல்லாமல் வாசல்படி இறங்க எனக்குக் கால் வராது. உங்களுக்குக் கிடைத்தது அடையாள அட்டை மேசை. அந்த அட்டைக்குத் திறக்காத கதவு உலகத்தில் இல்லை என்று நீங்கள் நம்பிவிட்டீர்கள். அந்த அதிகாரியோடு போட்ட சண்டை நினைவிருக்கிறதா?

"இதுல தமிழ் இருக்கு, நல்லா பாருங்க. தமிழ்நாட்டுல தமிழ் செல்லாதுன்னா வேற எங்கங்க செல்லும்?"

பாவம், அவர் வடநாட்டுக்காரர். ஒரு சொல்லும் விளங்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கு விளங்கியது. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு போனில் இருந்த பாஸ்போட் படத்தைக் காட்டினீர்கள். அதற்கும் அவர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

உங்களுடையதை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். அதையும் எடுத்தேன் மிஸ். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அலுமாரிக்கு முன்னால் நின்றேன். என் கைப்பையில் உங்கள் பாஸ்போட்டைக் கண்டால் "என்ன நம்பலியா?" என்று கேட்பீர்கள், பிறகு டெல்லி வரைக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டீர்கள் என்று நினைத்தேன். கந்தோர்ப் பிரியாவிடைக்கு வாங்கிய கேக் எல்லாருக்கும் காணாது என்று சொன்ன குற்றத்துக்கு ஒரு கிழமை என்னோடு பேசாமல் இருந்தவர் நீங்கள். அந்தப் பயத்தில் உங்களுடையதைத் திருப்பி வைத்தேன். வைத்தது பிழை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் வாசலில் நீங்கள்தானே "போங்க மிஸ், நீங்க போங்க" என்றீர்கள்? நீங்கள் வீட்டுக்குப் போய்ப் பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு அடுத்த விமானத்தில் வருவீர்கள் என்று நினைத்துத்தான் நான் உள்ளே போனேன். அன்றிலிருந்து உங்கள் போன் பேசவில்லை.

படம் எதற்கு? என் முகம் இல்லாத படம் கேட்கிறவர் காரணத்தையாவது சொல்ல வேண்டும்.

றம்லத்


குண்டசாலை
08.02.2024

றம்லத் மிஸ்ஸுக்கு,

"போங்க" என்றால் போங்க என்றுதான் அர்த்தம். கோபத்தில் சொன்னது. அத்தனை பேர் சிரிக்கிற இடத்தில் ஒரு மனுசி வேறு எப்படிப் பேசுவாள்?

காரணம் கேட்டீர்கள். சொல்கிறேன். சிரித்தால் இத்தோடு கடிதத்தை நிறுத்திவிடுவேன்.

ஊர் திரும்பிய முதல் ஞாயிறு, பூசை முடிந்து கோயில் வாசலுக்கு வந்தேன். எங்கள் மாதர் சங்கச் செயலாளர் அனற் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பனி பார்த்தீங்களா?"

"ஆமா" என்றேன்.

அந்த ஒரு சொல்தான். அதோடு விட்டிருக்கலாம்.

"எப்பிடிங்க இருந்துச்சு?"

"தேங்காப்பூவ துருவி மலை முழுக்கக் கொட்டுன மாதிரி."

அது எங்கிருந்து என் வாயில் வந்தது என்று தெரியாது. சுற்றிவரப் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். கூட்டத்தைக் கண்டதும் நான் குதிரையில் ஏறினேன். மூக்கு நுனி மரத்துப்போனது. ஃபாதரும் வந்து நின்று கேட்டார். முடிவு என்னவென்றால், மார்ச் 10ஆம் திகதி பங்கு மண்டபத்தில் மகளிர் தினக் கூட்டம். "பனி நாட்டில் ஒரு பெண்" என்ற தலைப்பில் நான் பேசுகிறேன். திரையில் படங்கள் காட்டப்படும் என்று அனற் எல்லாருக்கும் அறிவித்துவிட்டாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மிஸ், ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் நம் கந்தோர் வாங்கில் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வாங்கின் நுனியில்தான் உட்காருவார்கள். பிறந்த பத்திரம் இருக்காது, பெயர் இரண்டு விதமாக இருக்கும், கொழுந்து எடுக்கிற நாளை விட்டுவிட்டு நாலு தரம் அலைவார்கள். கடைசியில் அட்டை வந்ததும் நான் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, "இனிமே நீங்க யாருன்னு யாரும் கேக்க மாட்டாங்க" என்று சொல்வேன். இருபத்தாறு வருடம் சொன்னேன். அந்தச் சீருடைக்காரர் என் கையில் இருந்த அதே அட்டையைத் திருப்பிக் கொடுத்து நான் யார் என்று கேட்டார். அதை எப்படி வந்து ஊரில் சொல்வது?

சாந்தகுமார் வீடு அம்பத்தூரில். வழியெல்லாம் வாகன நெரிசல். போய்ச் சேரப் பின்னேரமாகிவிட்டது. அதற்குப் பிறகு விமானம் ஏற வழி இருக்கவில்லை. ஆகவே ஊர் திரும்பும் வரை அங்கேயே இருந்தேன்.

ஆறு படம் போதும். குதிரை இருந்தால் இன்னும் நல்லது.

பெற்றீசியா


கடுகண்ணாவை
பெப்ரவரி 13

பெற்றீசியா மிஸ்,

சிரித்துவிட்டேன். மன்னியுங்கள். "கூட்டத்தைக் கண்டதும் நான் குதிரையில் ஏறினேன்" என்ற இடத்தில் தேநீர் மூக்கால் வந்துவிட்டது. என் மனுசர் கடையிலிருந்து எட்டிப் பார்த்து "என்ன புள்ள, தனிய சிரிக்கிறீங்க?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று கடிதத்தை அரிசிப் பேணிக்குள் ஒளித்துவைத்தேன்.

தோட்டத்து ஆட்களைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் சிரிக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் படம் தர முடியாது. என்னால் முடியாது மிஸ். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள். அந்தக் கூட்டத்தில் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் உங்களை விரும்புகிற ஆட்கள்தானே? தின்றுவிடவா போகிறார்கள்?

றம்லத்


குண்டசாலை
17.02.2024

திருமதி தாஸிம் அவர்களுக்கு,

நன்றி. உங்கள் புத்திமதி கிடைத்தது.

போன கிழமை என் மகள் மாவனெல்லைக்குப் போகும் வழியில் உங்கள் கணவரின் ஹாட்வெயார் கடையில் ஒரு பைப் வாங்க இறங்கியிருக்கிறாள். கடையில் நின்ற எல்லாருக்கும் அவர் உங்கள் பனிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். நீங்கள் பலகை வண்டியில் உட்கார்ந்து மலையிலிருந்து சறுக்கி வந்தீர்களாம். பயத்தில் கத்திய சத்தத்தில் காகங்கள் எல்லாம் எழும்பிப் பறந்தனவாம்.

சறுக்கியது நீங்கள். பார்த்தது நீங்கள். அதில் ஆறு படத்தைக்கூட எனக்குத் தர மனம் வரவில்லை. நான் அந்த வாசலில் நின்றபோது நீங்கள் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தீர்கள். மூன்றாம் தரம் பார்க்கவில்லை. அதுவரை எண்ணிக்கொண்டு நின்றேன்.

படங்களை இன்டர்நெட்டில் எடுத்துக்கொள்வேன். இனி எழுதத் தேவையில்லை.

மே. பெ. அந்தோனிமுத்து


கடுகண்ணாவை
பெப்ரவரி 22

பெற்றீசியா மிஸ்,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதை மட்டும் படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

மூன்றாம் தரமும் திரும்பினேன். யாரோ ஒருவருடைய பெரிய பெட்டி மறைத்துவிட்டது.

விமானத்தில் உங்கள் இடம் எனக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்தது. டெல்லியில் கண்டிக் குழுவைக் கூட்டி வந்த பஹீம் என்னை ஹோட்டலுக்குக் கொண்டுபோனார். அடுத்த நாள் விடிய ஸ்ரீநகர் விமானம். எல்லாரும் பெட்டிகளோடு கீழே நின்றார்கள். நான் மட்டும் செருப்போடு இறங்கினேன்.

"நான் வரல்ல தம்பி. என்ட கூட்டாளி இன்டைக்கி வருவா. அவவோடதான் வருவேன்."

"அவங்க வராட்டி, தாத்தா?"

"வருவா. போங்க என்டு சென்னா, பின்னால வாரேன் என்டுதான் அர்த்தம்."

பஹீம் நல்ல பிள்ளை. நீங்கள் அக்கா என்பதை நாங்கள் தாத்தா என்போமே, அப்படிக் கூப்பிட்டு இரண்டு தரம் கெஞ்சினார். பிறகு ஹோட்டல்காரரிடம் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் குழுவோடு போனார்.

மூன்று நாள், மிஸ். காலையில் டாக்சியில் விமான நிலையத்துக்குப் போவேன். பயணிகள் வெளியே வரும் இடத்தில் பெயர்ப் பலகைகளோடு டிரைவர்மார் வரிசையாக நிற்பார்கள். நானும் அவர்களோடு நிற்பேன். ஹோட்டலில் ஒரு வெள்ளை மட்டை வாங்கி, "பெற்றீசியா மிஸ்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். பக்கத்தில் நின்ற தலைப்பாகைக்கார டிரைவர் இது எந்த நாட்டு எழுத்து என்று கேட்டார். ஜனவரியில் டெல்லியில் மூடுபனி எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. எதிரே நிற்கிறவர் முகம் தெரியாது. சென்னை விமானங்கள் எல்லாம் மூன்று மணி, நாலு மணி நேரம் பிந்தி வந்தன. உங்களுடையதும் அப்படித்தான் பிந்துகிறது என்று நினைத்து அடுத்ததற்கும் நிற்பேன். நீங்கள் என் இலக்கத்தைத் தடுத்திருந்தீர்கள் என்பது எனக்கு உங்கள் முதல் கடிதத்தில்தான் தெரியும். சார்ஜ் இல்லாமல் போன் செத்துக் கிடக்கிறது என்றுதான் அங்கே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் டெல்லியிலிருந்து நேரே கொழும்புக்கு வந்துவிட்டேன். காஷ்மீரின் பக்கமும் போகவில்லை. நான் பார்த்த பனி அந்த மூடுபனிதான்.

பலகை வண்டியும் காகமும் நான் கட்டிய கதை. உண்மையைச் சொல்லியிருந்தால் என் மனுசர் "இனி அந்த மிஸ்ஸோட எங்கயும் போகத் தேவல்ல" என்றிருப்பார். அவர் ஒருதரம் சொன்னால் மாற்றமாட்டார். உங்களைப் பற்றி வீட்டில் ஒருவரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்றுதான் சறுக்கினேன். பஹீமிடமும் வாய் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

ஆகவே என்னிடம் பனிப் படம் இல்லை. ஒரே ஒரு படம் இருக்கிறது. அந்தத் தலைப்பாகைக்காரர் என் போனில் எடுத்தது. டவுன் ஸ்டூடியோவில் கழுவி இதோடு வைக்கிறேன். முகம் இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

றம்லத்


குண்டசாலை
11.03.2024

என் றம்லத் மிஸ்,

உங்கள் கடிதம் வந்து இரண்டு கிழமைக்கு மேலாகிறது. கையில் பேனா எடுத்தேன், வைத்தேன். முதலில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நேற்று செய்தேன்.

அதற்கு முன் ஒன்று. நான் உங்களுக்கு எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. அன்று பின்னேரம் அம்பத்தூருக்குப் போய் அலுமாரியைத் திறந்து பாஸ்போட்டைக் கையில் எடுத்தேன். "அக்கா, நாளைக்குக் காலைல டெல்லிக்கு இடம் இருக்கு, டிக்கட் போடவா?" என்று சாந்தகுமார் கேட்டார். வேண்டாம் என்றேன். றம்லத் மிஸ் தனியாகப் பனி பார்த்துவிட்டு வரட்டும், பிறகு சாகும் வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்து, அலுமாரியைப் பூட்டி, இடியப்பமும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். அந்த நேரம் நீங்கள் அங்கே மட்டையில் என் பெயரை எழுதிக்கொண்டிருந்தீர்கள். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

நேற்று மண்டபம் நிறைந்திருந்தது. கதிரை போதாமல் வாங்குகளைத் தூக்கி வந்தார்கள். அனற் என்னை அறிமுகப்படுத்தினாள். விளக்கை அணைத்தார்கள். திரையில் முதல் படம் வந்தது. முதலும் கடைசியும் அதுதான்.

புகை மாதிரி மூடுபனி. நடுவில் நீங்கள். பச்சை முக்காடு, அதற்கு மேல் ஹோட்டல் குளியல் துவாயைச் சுற்றியிருக்கிறீர்கள். நெஞ்சுக்கு நேரே என் பெயர்.

எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பிறகு முன் வரிசையிலிருந்து அனற் கேட்டாள்: "அக்கா, குதிரை எங்கங்க?"

"குதிரை இல்ல அனற். நான் பனியே பார்க்கல. சென்னைல வாசலோட திருப்பி அனுப்பிட்டாங்க. இவங்க என் கூட்டாளி. எனக்காக மூணு நாள் இப்பிடி நின்னாங்க. நான் போகல."

எல்லாவற்றையும் சொன்னேன். துணிப்பை, அலுமாரி, தமிழ் செல்லாதா என்று கேட்டது, கோயில் வாசலில் குதிரை ஏறியது, எல்லாம். தமிழ் செல்லாதா என்ற இடத்தில் ஃபாதர் முதலில் சிரித்தார். அவர் சிரித்ததும் மண்டபமே சிரித்தது. சென்னையில் சிரித்த சிரிப்பு மாதிரி இல்லை அது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அப்போது பின் வாங்கிலிருந்து ஒரு அம்மா எழும்பினார். ஹுன்னஸ்கிரியவிலிருந்து மகள் வீட்டுக்கு வந்தவராம். என் கையால் அட்டை வாங்கியவர்.

"அப்ப நீங்க குடுத்த அட்ட செல்லாதுங்களா மிஸ்?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் இரண்டு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன்.

"நம்ம நாட்டுல நல்லா செல்லும்மா. எந்தக் கந்தோருக்கும் தைரியமா கொண்டு போங்க. இன்னொரு நாட்டுக்குள்ள போயிட்டா நாம வெளியூர் ஆளு. அங்க உள்ளூர் ப்ளைட்டா இருந்தாலும் பாஸ்போட்தான் கேப்பாங்க."

"அதானே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் மிஸ்! இதற்கா நான் குதிரை ஏறினேன்?

பிறகு நடந்ததைக் கேளுங்கள். அனற்றின் குடும்பம் மே மாதம் வேளாங்கண்ணிக்குப் போகிறார்கள். சென்னை லொட்ஜில் எல்லாப் பாஸ்போட்டையும் கொடுத்துவைத்துவிட்டுத் திருச்சிக்கு விமானம் ஏறுவதுதான் திட்டமாம். அவள் முகம் வெளுத்துப்போனது. அதோடு கேள்விகள் ஆரம்பித்தன. போனில் படம் இருந்தால்? போதாது. போட்டோகொப்பி? போதாது. கைக்குழந்தைக்கு? அதன் பாஸ்போட்டும் வேண்டும். டிக்கட்டில் வீட்டுப் பெயரைப் போட்டால்? கூடாது, பாஸ்போட்டில் உள்ளபடி போட வேண்டும். ஒரு மணி நேரம் பதில் சொன்னேன். கந்தோரில் திங்கட்கிழமை காலை மாதிரி இருந்தது. எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று உங்களுக்கு மட்டும்தான் விளங்கும்.

போகும்போது ஃபாதர் சொன்னார்: "இவ்வளவு பேருக்கு முன்னால பாவசங்கீர்த்தனம் செஞ்ச ஆள நான் இதுவரைக்கும் பார்த்ததில்லங்க."

வீட்டுக்கு வந்து பயணப் பையை உதறினேன். பஹீமின் அறிவுறுத்தல் தாள் கிடைத்தது. மூன்றாம் வரி: ஒவ்வொரு விமானத்துக்கும் அசல் பாஸ்போட்டைக் கையில் வைத்திருக்கவும். ஊறுகாய்ப் போத்தல் கசியாமல் இருக்க அதில்தான் சுற்றியிருந்தேன்.

மகள் தடுப்பை எடுத்துவிட்டாள். காரணம் கேட்கவில்லை. அவளும் மண்டபத்தில் இருந்தாள்.

மன்னியுங்கள் மிஸ்.

பெற்றீசியா


கடுகண்ணாவை
மார்ச் 17

என் பெற்றீசியா மிஸ்,

நோன்பு தொடங்கிவிட்டது. வெறும் வயிற்றோடு உங்கள் கடிதத்தைப் படித்து, அழுது, அழுததால் தொண்டை காய்ந்து, மாலை மஃரிப் பாங்கு வரை தண்ணீரில்லாமல் பொறுத்திருந்தேன். அந்தப் பாவமும் உங்களுக்குத்தான்.

நோன்பு திறந்தபின் கடிதத்தை மனுசரிடம் கொடுத்தேன். நீங்கள் அவ்வளவு பேருக்கு முன்னால் சொல்லிவிட்டீர்கள், நான் ஒருவரிடம் சொல்லமாட்டேனா? அவர் கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டு முழுவதும் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப காகம் பறக்கல்லயா?"

"பறக்கல்ல."

"கடைக்கு வார எல்லாருக்கும் சென்னேனே! ஆணி வாங்க வந்தவனுக்கும் சென்னேனே!"

இன்றைக்கு முடிந்தது கதை என்று நினைத்தேன். மறுபடியும் அந்த மூன்று நாள் பக்கத்தை எடுத்துப் படித்தார். "மூணு நாள் நின்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். "அடுத்த வருசம் ரெண்டு பேரும் போங்க. அந்த மிஸ்ஸ கையோட கூட்டிட்டுப் போங்க. காகம் கட்டாயம் பறக்கணும்" என்றார்.

அல்ஹம்துலில்லாஹ். கேட்டீர்களா, "போகத் தேவல்ல" என்று சொல்லவில்லை.

நீங்கள் இலக்கத்தைத் திறந்து மூன்று தரம் அழைத்ததைக் கண்டேன். வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. போனில் நீங்கள் என்னைப் பேச விடமாட்டீர்கள். கடிதத்தில்தான் என் முறை வருகிறது.

அலுமாரியைப் பூட்டிவிட்டுச் சாப்பிட்ட இடியப்பத்தை மன்னித்துவிட்டேன். நானும் உங்கள் பாஸ்போட்டைத் திருப்பி வைத்தவள்தானே. வருகிறீர்களா, இல்லையா? ஒரு வரி எழுதுங்கள்.

றம்லத்


குண்டசாலை
19.12.2024

றம்லத் மிஸ்,

டிக்கட் வந்துவிட்டது. பாஸ்போட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். உங்களுடையது தகப்பன் பெயரோடு முகம்மது ஹனீபா றம்லத் உம்மா. என்னுடையது மேரி பெற்றீசியா அந்தோனிமுத்து. ஒரு எழுத்தும் குறையவில்லை. இந்தத் தரம் என் பாஸ்போட் கழுத்தில் தொங்கும் பைக்குள் இருக்கும். தைத்தாகிவிட்டது. உங்களுக்கும் ஒன்று, பச்சை நிறத்தில்.

அனற் வேளாங்கண்ணிக்குப் போய் வந்துவிட்டாள் என்று சொன்னேனா? திருச்சி விமானத்துக்கு வாசலில் பாஸ்போட் கேட்டார்களாம். கைக்குழந்தையுடையதையும் சேர்த்து ஐந்தையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துக் காட்டினாளாம்.

மடவளையில் கம்பளி பின்னுகிற மாமி ஒருவர் நம் இருவருக்கும் ஸ்வெட்டர் பின்னித் தருகிறேன் என்றார். உங்கள் அளவு என்ன? உண்மையான அளவைச் சொல்லுங்கள்.

பெற்றீசியா


ஸ்ரீநகர் போகும் விமானம்
24ஆம் வரிசை
2025 ஜனவரி 21

பெற்றீசியா மிஸ்,

இது வாந்தி எடுக்கிற பை. பயப்படாதீர்கள், புதியது. வேறு கடதாசி இல்லை.

எல்லாம் உங்களால் வந்தது. சென்னை வாசலில் இந்தத் தரம் நின்ற தமிழ் அதிகாரி பாஸ்போட்டைப் பார்த்து "போங்கம்மா" என்றதும் பேசாமல் போயிருக்கலாம். ஐந்து தரம் நன்றி சொன்னீர்கள். டெல்லியில் வரிசையை விட்டு விலகி நின்று இரண்டு பாஸ்போட்டையும் மறுபடி சரிபார்த்தீர்கள். கடைசி ஆளாகப் போனால் இப்படித்தான், உங்களுக்கு ஏழு, எனக்கு இருபத்துநாலு. நான் இரண்டு தடித்த மனுசர்களுக்கு நடுவில் இருக்கிறேன். இருவரும் நித்திரை. ஜன்னலில் எனக்குத் தெரிவது ஒருவருடைய முழங்கை மட்டும்தான்.

உங்கள் பக்கம் ஏதாவது தெரிகிறதா? இதைப் பணிப்பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன். நல்ல பிள்ளை. கேட்டதும் சிரித்துக்கொண்டே சம்மதித்தாள்.

றம்லத்


7ஆம் வரிசை, ஜன்னல் ஓரம்

றம்லத்,

தெரிகிறது. முதலில் மேகம் என்றுதான் நினைத்தேன். பிறகு அதில் பள்ளம் தெரிந்தது, பாறை தெரிந்தது. தேங்காய்ப்பூ மாதிரி இல்லவே இல்லை. எதைப்போல என்று சொல்லவும் வரவில்லை.

ஒரே ஒரு பார்வைதான் பார்த்தேன். உடனே ஜன்னல் மூடியை இழுத்து மூடிவிட்டேன். பின்னால் இருக்கிறவர்கள் ஹிந்தியில் ஏதோ சொல்கிறார்கள், நான் திரும்பவில்லை. என் பக்கத்து இடத்து ஐயா உங்கள் இடத்துக்கு வரச் சம்மதித்துவிட்டார். பெட்டியையும் எடுத்துக்கொண்டு நடைபாதையில் எழும்பி நிற்கிறார். பெல்ட் போடச் சொல்லப்போகிறார்கள். அந்த இரண்டு பேரையும் எழுப்பிவிட்டு ஓடி வாருங்கள்.

நீங்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் இதைத் திறப்பேன்.

பெற்றீசியா